ஐந்து கடல் மைலும் இரண்டரை நிமிடமும்: பெரிய விமான நிலையங்களுக்குள் சிறு விமானங்கள்

செஸ்னா 172 என்னும் நான்கு இருக்கை விமானம் தரையிறங்குவதற்காக ஓடுபாதையை நெருங்கும்போது அதன் வழக்கமான வேகம் ஏறத்தாழ 65 நாட், அதாவது மணிக்கு 65 கடல் மைல். அதே பாதையில் வரும் போயிங் 737 சுமார் 140 நாட் வேகத்தில் இறங்கும். ஓடுபாதையின் முனைக்கு ஐந்து கடல் மைல் முன்பிருந்து கணக்கிட்டால், செஸ்னாவுக்கு நான்கரை நிமிடத்துக்கும் சற்று மேல் ஆகிறது. போயிங்குக்கு இரண்டு நிமிடத்துக்குச் சற்றே கூடுதலாகப் போதும். இடையில் நிற்கும் அந்த இரண்டரை நிமிடத்துக்குள் நெரிசலான ஒரு நிலையத்தில் இன்னொரு பயணிகள் விமானத்தை இறக்கிவிடலாம். பெரிய விமான நிலையங்களில் சிறு விமானங்களை அனுமதிப்பது பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் பாதுகாப்பு என்றோ உரிமை என்றோதான் தொடங்குகின்றன. ஆனால் அமெரிக்காவில் அரை நூற்றாண்டாக நடந்துவரும் வழக்குகளையும் விதிமாற்றங்களையும் வரிசையாகப் பார்த்தால், உயிரிழப்புகள் எழுப்பிய கேள்விகளை ஒதுக்கிவிட்ட பிறகு, சண்டை ஓயாமல் அந்த இரண்டரை நிமிடத்துக்காகவே நடந்திருப்பது தெரியும்.

அமெரிக்காவை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. உலகின் பல பெரிய நிலையங்களில் முன்னனுமதி, ஒதுக்கப்பட்ட நேரம், கட்டாயத் தரைச்சேவை முகவர் ஆகியவற்றின் மூலம் தனியார் சிறு விமானங்களின் வருகை நடைமுறையில் தடுக்கப்பட்டுவிடுகிறது. அமெரிக்காவிலோ, தனியார் விமானி உரிமம் பெற்ற ஒருவர் வாடகைக்கு எடுத்த செஸ்னாவில் லாஸ் ஏஞ்சலஸ் பன்னாட்டு விமான நிலையத்துக்குப் போய் இறங்க விரும்பினால், சட்டம் அவரைத் தடுப்பதில்லை. கூட்டாட்சி அரசின் மேம்பாட்டு நிதியைப் பெறும் விமான நிலையம், நியாயமற்ற பாகுபாடின்றி, எல்லா வகை விமானங்களுக்கும் நியாயமான நிபந்தனைகளின் கீழ்த் திறந்திருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்துத்தான் அந்தப் பணத்தை வாங்குகிறது. அந்த நிதியில் சிறு விமானக்காரர்களின் பங்கும் இருக்கிறது. அவர்கள் வாங்கும் ஒவ்வொரு கேலன் விமான பெட்ரோலிலிருந்தும் 19.3 சென்ட் கூட்டாட்சி வரி வசூலிக்கப்படுகிறது. எனவே பெரிய நிலையத்தின் வாசலில் அவர்கள் தங்களை விருந்தாளிகளாக நினைப்பதில்லை, பங்காளிகளாகவே நினைக்கிறார்கள்.

வரலாறும் அவர்கள் பக்கம்தான் பேசுகிறது. இன்று நான்கு இணை ஓடுபாதைகளுடன் விரிந்து கிடக்கும் லாஸ் ஏஞ்சலஸ் நிலையம், 1928-இல் அந்நகரம் குத்தகைக்கு எடுத்த மைன்ஸ் ஃபீல்டு என்னும் திறந்த வயல்வெளி. அங்கே முதலில் வந்திறங்கியவை எல்லாமே சிறு விமானங்கள். நம் பக்கத்திலும் கதை வேறல்ல. 1932 அக்டோபரில் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குக் கொண்டுவந்த அஞ்சல் பைகளை நெவில் வின்சென்ட் சென்னைக்கு எடுத்து வந்தாரே, அந்தச் சேவைக்குப் பயன்பட்ட ‘புஸ் மாத்’ விமானம் இன்றைய செஸ்னாவைப் போன்ற ஒற்றை எஞ்சின் சிறு விமானம்தான். அன்று வணிக விமானம் வேறு, சிறு விமானம் வேறு என்ற பிரிவே கிடையாது. ஜெட் எஞ்சின் வந்து வேகமும் எடையும் பல மடங்கான பிறகுதான் ஒரே ஓடுபாதையில் இரண்டும் சேர்ந்து வாழ முடியுமா என்ற கேள்வி பிறந்தது.

அந்தக் கேள்விக்கு மிகக் கொடூரமான வடிவம் கொடுத்தவை கலிஃபோர்னியாவில் நடந்த இரண்டு விபத்துகள். 1978 செப்டம்பர் 25 அன்று சான் டியேகோவில், வணிக விமான நிலையத்தில் கருவி வழித் தரையிறக்கப் பயிற்சியை முடித்துக்கொண்டு விலகிச் சென்ற ஒரு செஸ்னா 172 மீது, தரையிறங்க வந்துகொண்டிருந்த பி.எஸ்.ஏ. நிறுவனத்தின் போயிங் 727 மோதியது. தரையில் இருந்தவர்களையும் சேர்த்து 144 பேர் இறந்தனர். முன்னால் ஒரு சிறு விமானம் இருப்பதைக் கட்டுப்பாட்டாளர் சொல்லியிருந்தார். பார்த்துவிட்டதாகச் சொன்ன ஜெட் விமானிகள் பிறகு அதைக் கண்ணிலிருந்து தவறவிட்டிருந்தனர். 1986 ஆகஸ்ட் 31 அன்று லாஸ் ஏஞ்சலஸ் அருகே செரிட்டோஸ் நகருக்கு மேலே, ஏரோமெக்சிகோவின் டி.சி.-9 விமானமும் ஒரு பைப்பர் சிறு விமானமும் மோதி 82 பேர் மாண்டனர். பைப்பர் அந்தப் பெரிய நிலையத்தில் இறங்க வந்ததே அல்ல. அனுமதி பெறாமல் அதன் கட்டுப்பாட்டு வான்வெளிக்குள் நுழைந்துவிட்டிருந்தது. உயரத்தைத் தானாகத் தெரிவிக்கும் கருவியும் அதில் இல்லை.

இன்று ‘கிளாஸ் பி’ என்று அழைக்கப்படும் வான்வெளியின் கண்டிப்புகள் இந்தச் சாவுகளின் நிழலில் இறுகியவை. 1970-இலிருந்தே வேறு பெயரில் இருந்துவந்த இந்த ஏற்பாட்டுக்கு 1993-இல் இப்போதைய பெயர் வந்தது. கொலுப்படியைத் தலைகீழாக நிறுத்தினால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும் அதன் வடிவம்: நிலையத்தை ஒட்டித் தரைவரை இறங்கும் குறுகிய வட்டம், வெளியே செல்லச் செல்ல அடித்தளம் உயர்ந்துகொண்டே போகும் அடுக்குகள், மேலே பெரும்பாலும் பத்தாயிரம் அடியில் ஒரு கூரை. கட்டுப்பாட்டுக் கோபுரம் உள்ள மற்ற நிலையங்களின் வான்வெளிகளில், கட்டுப்பாட்டாளர் நம் விமானத்தின் அழைப்புக்குறியைச் சொல்லிப் பதிலளித்துவிட்டாலே உள்ளே போகலாம். இங்கே அது போதாது. ‘பிராவோ’வுக்குள் (வானொலிப் பேச்சில் ‘பி’ எழுத்தின் பெயர்) நுழைய அனுமதி என்ற சொற்களை விமானி காதால் கேட்டிருக்க வேண்டும். ரேடாரில் தெரிகிறீர்கள் என்பதையோ, இந்தத் திசையில் திரும்புங்கள் என்பதையோ அனுமதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பயிற்சிக்குப் புதிதாய் வந்தவர்கள் அடிக்கடி தடுமாறும் இடம் இதுதான். பெரிய நிலையத்தைச் சுற்றி முப்பது கடல் மைல் வட்டத்துக்குள் ரேடாருக்குத் தானாகப் பதில் அனுப்பி உயரம் தெரிவிக்கும் டிரான்ஸ்பாண்டர் கருவி வேண்டும். 2020 ஜனவரி முதல் இருப்பிடத்தைத் தானே ஒலிபரப்பும் ஏ.டி.எஸ்.-பி. கருவியும் வேண்டும். அட்லாண்டா, சிகாகோ ஓஹேர், கென்னடி, லாஸ் ஏஞ்சலஸ் உள்ளிட்ட பன்னிரண்டு இடங்களில் பயிற்சி விமானி தனியாக ஓட்டி வந்து இறங்கவே முடியாது.

இத்தனை கண்டிப்புக்கு நடுவே ஒரு வேடிக்கையான தாராளமும் இருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸ் நிலையத்தின் ஓடுபாதைகளுக்கு நேர் மேலே, சாண்டா மோனிகாவுக்குத் தென்கிழக்காகச் செல்லும் ஒரு வழித்தடத்தில், எந்தக் கட்டுப்பாட்டாளரிடமும் பேசாமலேயே சிறு விமானங்கள் கடந்து போகலாம். தென்கிழக்கே போகிறவர்கள் 3,500 அடியிலும், வடமேற்கே போகிறவர்கள் 4,500 அடியிலும் பறக்க வேண்டும். டிரான்ஸ்பாண்டரில் 1201 என்ற எண்ணை வைக்க வேண்டும். வேகம் 140 நாட்டைத் தாண்டக் கூடாது. விளக்குகள் எரிய வேண்டும். ஜெட் விமானங்களுக்கு அங்கே இடமில்லை. உலகின் மிகப் பரபரப்பான நிலையங்களில் ஒன்றின் தலைக்கு மேல் இப்படி ஒரு பொதுவழி எப்படிச் சாத்தியமாகிறது என்றால், பயணிகள் விமானங்கள் எல்லாம் கிழக்கு மேற்காக, ஓடுபாதையை ஒட்டிய அந்த இடத்தில் மிகத் தாழ்வாக ஏறி இறங்குகின்றன. ஆபத்தான இடம் ஓடுபாதைக்குப் பல மைல் முன்னும் பின்னும் நீளும் சரிவுப் பாதைகளே. நடுவில், நிலையத்துக்கு நேர் மேலே, வானம் காலி. தூரத்திலிருந்து பார்ப்பவருக்குத் தலைகீழாகத் தோன்றும் இந்த உண்மை, பெரிய நிலையத்தை நெருங்கும் சிறு விமானிக்கு முதல் பாடம்.

கடந்து போவது அவ்வளவு எளிது, இறங்குவதுதான் பெரும்பாடு. அங்கே கட்டுப்பாட்டாளருக்கு வேண்டியது ஒன்றே: வேகம். ‘முடிந்தவரை வேகத்தைக் குறைக்காமல் வாருங்கள்’ என்ற கோரிக்கை ஏறக்குறைய உறுதியாக வரும். கையேட்டில் உள்ள 65 நாட்டை மறந்துவிட்டு, மெதுவாக இறங்க உதவும் இறக்கைத் தட்டுகளை விரிக்காமல் 110 நாட்டில் செஸ்னா வந்தால், அந்த ஐந்து கடல் மைல் இரண்டே முக்கால் நிமிடமாகச் சுருங்குகிறது. சிறிய ஊர்த் திடலில் இப்படி வந்தால் ஓடுபாதை தீர்ந்துவிடும். லாஸ் ஏஞ்சலஸில் மிகக் குட்டையான ஓடுபாதையே 8,900 அடிக்கு மேல். செஸ்னாவுக்கு இரண்டாயிரம் அடிகூடத் தேவையில்லை. ஆகவே ஓடுபாதையின் தொடக்கத்திலேயே வேகம் குறைத்துத் தொட்டுவிட்டு மீதித் தூரம் முழுவதும் மெல்ல உருண்டு போவதைவிட, வெளியேறும் வழி எங்கே இருக்கிறதோ அதையொட்டித் தொட்டு, உடனே விலகிவிடுவதே அங்கே நல்ல விமானியின் அடையாளம். வழக்கமான பயிற்சியில் இதைச் சொல்லித் தருவது அரிது. எப்போதும் ஒரே வேகத்தில் ஒரே இடத்தில் தொடு என்றுதான் மாணவருக்குப் பழக்குகிறார்கள். பழக்கத்தை மாற்றிப் பறக்க வேண்டிய நிலையில்தான் தவறுகள் நேர்கின்றன என்பதால், வேகமாக வருவது தன் கைக்கு மீறியது என்றால் ‘முடியாது’ என்று சொல்லவும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கட்டுப்பாட்டாளர் சலித்துக்கொள்ளலாம், ஆனால் அவரே வேறொரு இடைவெளியைத் தேடித் தருவார்.

வேகத்தைச் சரிசெய்தாலும் தீராத ஒரு சிக்கல் காற்றில் இருக்கிறது. எந்த இறக்கையும் தூக்குவிசையை உண்டாக்கும்போது அதன் இரு முனைகளிலிருந்தும் எதிரெதிராகச் சுழலும் இரண்டு காற்றுக் குழல்கள் பின்னால் நீள்கின்றன. வேக் டர்புலன்ஸ் என்று விமானிகள் சொல்லும் இந்தச் சுழல், விமானம் எவ்வளவு கனமாகவும் மெதுவாகவும் பறக்கிறதோ அவ்வளவு வலுவாக இருக்கும்; இறக்கைத் தட்டுகள் மடங்கியிருந்தால் இன்னும் மோசம். ஒரு போயிங் 777-300ஈஆர் 350 டன்னுக்குமேல் எடையோடு எழும்பக்கூடியது. செஸ்னா 172 முழு எடையிலும் 1,160 கிலோவைத் தாண்டாது. சுழலின் நடுவே சிக்கிய சிறு விமானத்தை அதன் சொந்தக் கட்டுப்பாட்டுப் பரப்புகளால் நிமிர்த்த முடியாமல் போகலாம்; தரைக்கு நெருக்கமாக இருந்தால் நிமிர்த்த நேரமும் இருக்காது.

கண்ணுக்குத் தெரியாத இந்தக் குழல்களுக்குச் சில ஒழுங்குகள் உண்டு என்பது ஆறுதல். அவை நிமிடத்துக்குச் சில நூறு அடி என்ற கணக்கில் கீழே அமிழும். தரையை நெருங்கியதும் பக்கவாட்டில் விலகி நகரும். எனவே பெரிய விமானத்தின் பின்னால் இறங்குகிறவர், அது வந்த சரிவுக்கு மேலேயே இருந்து, அது சக்கரம் பதித்த இடத்துக்கு அப்பால் போய்த் தொட வேண்டும். எழும்பும்போது, அது தரையை விட்ட இடத்துக்கு முன்பாகவே எழும்ப வேண்டும். வலுவான காற்று சுழலைக் கலைத்துவிடும். சில நாட் வேகத்தில் வீசும் மெல்லிய பக்கக்காற்றோ, நகர வேண்டிய குழலைப் பிடித்து ஓடுபாதையின் மீதே நிறுத்திவைக்கும். மாலை நேர அமைதியை விரும்பிப் பறக்க வருகிற புதியவருக்கு, அந்த அமைதியே கூடுதல் எச்சரிக்கைக்குக் காரணம் என்று சொன்னால் வியப்பாகத்தான் இருக்கும்.

1993 டிசம்பரில் கலிஃபோர்னியாவின் ஜான் வெய்ன் விமான நிலையத்துக்கு வந்த ஒரு சிறு ஜெட் விமானம், போயிங் 757 ஒன்றை ஏறத்தாழ இரண்டு கடல் மைல் இடைவெளியில் பின்தொடர்ந்து, அதன் பாதைக்குக் கீழே வந்து, சுழலில் சிக்கி விழுந்தது; ஐவர் இறந்தனர். அதன் பிறகு 757-க்குப் பின்னால் விட வேண்டிய இடைவெளி கூட்டப்பட்டது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், அந்த விமானிகள் முன்னால் செல்லும் விமானத்தைக் கண்ணால் பார்த்துப் பின்தொடர்ந்தனர். முன்னே போகும் விமானம் தெரிகிறது, பின்தொடர்கிறேன் என்று ஒரு விமானி ஒப்புக்கொண்ட நொடியிலிருந்து சுழலைத் தவிர்க்கும் பொறுப்பு கோபுரத்திடமிருந்து அவரிடம் வந்துவிடுகிறது. பிரித்துவைக்கும் பொறுப்பு கட்டுப்பாட்டாளரிடமே இருந்தால், பெருங்கன விமானத்தின் பின்னால் வரும் சிறு விமானத்துக்கு ஓடுபாதை முனையில் ஆறு கடல் மைல் என்பது அமெரிக்காவின் நெடுநாள் அளவு. இப்போது பல பெரிய நிலையங்களில் விமான வகைகளை இன்னும் நுணுக்கமாகப் பிரித்து இடைவெளியைத் தீர்மானிக்கிறார்கள். ஆயினும் அடிப்படைக் கணக்கு மாறவில்லை. சிறு விமானத்துக்கு முன்னால் சுழலுக்காக ஒரு பெரிய இடைவெளி. அது மெதுவாக நகர்வதால் பின்னால் வருகிறவருக்காக இன்னொரு பெரிய இடைவெளி. ஒரு செஸ்னா இருபக்கமும் நேரத்தைத் தின்கிறது என்று விமான நிறுவனங்கள் முறையிடுவதில் பொய் ஏதுமில்லை.

தரையில் இறங்கியதோடு சிக்கல் முடிவதுமில்லை. விமானங்கள் உருண்டு செல்லும் டஜன் கணக்கான டாக்சிவே பாதைகளில் வழி தேடுவது ஒருபுறம் இருக்க, அந்த நிலையத்தின் அன்றாட வழக்கம் தெரியாதவராக இருப்பது பெரிய ஆபத்து. 1994 நவம்பர் 22 இரவு செயின்ட் லூயிஸ் நிலையத்தில் இறங்கிய ஒரு செஸ்னா 441, பயணியை இறக்கிவிட்டுத் திரும்பப் புறப்பட ஆயத்தமானது. அதற்கு ஒதுக்கப்பட்டது 31 என்ற ஓடுபாதை. அவ்வப்போது மட்டும் பயன்பட்ட அந்த ஓடுபாதையைப் பற்றி, வந்துசேரும் விமானிகளுக்கான ஒலிபரப்பில் சொல்லப்படவில்லை. விமானி தான் இறங்கிய 30ஆர் ஓடுபாதையையே நினைத்துக்கொண்டு அதில் போய் நின்றார்; புறப்பாட்டு ஓட்டத்தில் வந்த டி.டபிள்யூ.ஏ. நிறுவனத்தின் எம்.டி.-82 பயணிகள் விமானம் மோதியது. செஸ்னாவில் இருந்த இருவரும் இறந்தனர். பெரிய விமானத்தில் இருந்தவர்கள் உயிர் தப்பினர். விமானியின் தவறான நம்பிக்கையே காரணம் என்று விசாரணை முடிவு செய்தபோதும், தகவல் தராத கோபுரத்தின் பங்கையும் அது குறிப்பிட்டது. அங்கேயே தினமும் பறக்கிறவருக்குச் சொல்லாமலே தெரிந்திருக்கும் ஒன்று, வந்துபோகிறவருக்குத் தெரிய வழியில்லை.

இனிப் பணத்துக்கு வருவோம். தரையிறங்கு கட்டணம் மரபாக எடையைப் பொறுத்தது. ஆயிரம் பவுண்டுக்கு இவ்வளவு என்று கணக்கிட்டால் செஸ்னாவுக்கு ஆகும் தொகை அற்பம், அதனால் குறைந்தபட்சத் தொகை ஒன்றையும் வைப்பார்கள். எடையைக் கொண்டு கணக்கிடுவது கான்கிரீட்டின் தேய்மானத்துக்குப் பொருந்தும், நேரத்துக்குப் பொருந்தாது. இதை முதலில் கையிலெடுத்தது, அந்நகரின் விமான நிலையங்களையும் நடத்தும் நியூயார்க் துறைமுக ஆணையம். நெரிசலால் வானில் விமானங்கள் வரிசை கட்டிச் சுற்றிக்கொண்டிருந்த 1968 கோடையில், உச்ச நேரங்களில் சிறு விமானங்களுக்கான குறைந்தபட்சக் கட்டணத்தை 5 டாலரிலிருந்து 25 டாலராக அது உயர்த்தியது. சிறு விமான உரிமையாளர்கள் சங்கம் வழக்குத் தொடுத்தது. 1969-இல் நீதிமன்றம் ஆணையத்தின் பக்கம் நின்றது. அதே ஆண்டு கூட்டாட்சி அரசும், நெரிசல் மிகுந்த ஐந்து நிலையங்களில் மணிக்கு இத்தனை விமானம் என்ற உச்சவரம்பைக் கொண்டுவந்தது. அதிலும் தனியார் விமானங்களுக்கென்று சில இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன.

இருபது ஆண்டுகள் கழித்துப் பாஸ்டன் லோகன் நிலையம் அதே வழியில் போய்ச் சறுக்கியது. 1988-இல் அதன் நிர்வாகம், எடைக்கான கட்டணத்தைக் குறைத்து, ஒவ்வோர் இறக்கத்துக்கும் நிலையான பெருந்தொகை ஒன்றைச் சேர்த்தது. விளைவாக 25 டாலர் கட்டிவந்த சிறு விமானம் 90 டாலருக்கும் மேல் கட்ட வேண்டியதாயிற்று. பெரிய ஜெட் விமானங்களின் கட்டணமோ குறைந்தது. அவ்வாண்டு முடிவதற்குள் கூட்டாட்சிப் போக்குவரத்துத் துறை இது நியாயமற்ற பாகுபாடு என்றது. மறு ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை ஏற்றது. நியூயார்க்கில் சரியென்றது பாஸ்டனில் தவறானது எப்படி? நியூயார்க் உயர்த்தியது நெரிசல் நேரத்தில் மட்டும். பாஸ்டனில் அதிகாலை நான்கு மணிக்கு வெற்று ஓடுபாதையில் இறங்கினாலும் அதே கட்டணம். நெரிசல் இல்லாத வேளையில் நெரிசலுக்கான விலையை வாங்கினால், அது நேரத்தைப் பங்கிடுவதாகாது, ஒரு சாராரை விரட்டுவதாகவே ஆகும். என் கணிப்பில் இவ்வழக்குகளிலேயே தெளிவான பாடம் இதுதான். 2008-இல் அரசு தன் கட்டணக் கொள்கையைத் திருத்தி, நெரிசலான நிலையங்கள் ஒவ்வோர் இறக்கத்துக்கும் ஒன்று, எடைக்கு ஒன்று என இரு பகுதிக் கட்டணம் வாங்கலாம் என்று அனுமதித்ததும் இந்த வேறுபாட்டை ஒட்டியே.

உண்மையில் கதவை மூடியது ஓரிடத்தில்தான். அதற்கும் நேரத்துக்கும் தொடர்பில்லை. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் வாஷிங்டன் நேஷனல் நிலையம் தனியார் விமானங்களுக்கு அடைக்கப்பட்டது. 2005-இல் திறந்தபோது, முன்கூட்டியே சோதனை முடித்து, ஆயுதம் தாங்கிய பாதுகாப்பு அலுவலர் ஒருவரை ஏற்றிக்கொண்டு வர வேண்டும் என்று நிபந்தனை வந்தது. நான்கு இருக்கைச் செஸ்னாவுக்கு அது மூடிய கதவேதான்.

மற்ற இடங்களில் சிறு விமானங்கள் பெரும்பாலும் தாமாகவே ஒதுங்கிப் போகின்றன. லாஸ் ஏஞ்சலஸுக்கு வான் நைஸ், நியூயார்க்குக்கு டீட்டர்போரோ என்று ஒவ்வொரு பெருநகருக்கும் சுமைதாங்கி நிலையங்கள் அரசின் திட்டத்திலேயே உண்டு. பெரிய நிலையத்தில் இறங்குகிறவர் எஃப்.பி.ஓ. எனப்படும் தனியார் தரைச்சேவை நிறுவனத்திடம்தான் விமானத்தை நிறுத்தியாக வேண்டும்; அவர்கள் கேட்கும் கையாளும் கட்டணம் பல வேளைகளில் தரையிறங்கு கட்டணத்தையே விழுங்கிவிடும். போகிறவர்கள், பன்னாட்டு விமானத்தைப் பிடிக்க வரும் உறவினரைக் கொண்டுவந்து விடுவதற்காகவோ, கருவி வழிப் பயிற்சிக்காகவோ, ஒருமுறையாவது அந்தப் பேரோடுபாதையைத் தொட்டுவிட வேண்டும் என்ற ஆசையாலோ போகிறார்கள். விவரம் தெரிந்தவர் பெருவிமானங்களின் அலை ஓய்ந்திருக்கும் நேரத்தைத் தேர்ந்தெடுத்து, கோபுரத்தை முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போவார்.

திரும்பும்போது, கண்வழிப் பறத்தலுக்கும் முதலில் புறப்பாட்டு அனுமதி, பிறகு தரைக் கட்டுப்பாடு, பிறகு கோபுரம் என்று மூன்று அலைவரிசைகளில் பேச வேண்டும். முழு ஓடுபாதையும் வேண்டாம், இடைச் சந்திப்பிலிருந்தே எழும்பிவிடலாம் என்று கோபுரம் சொல்லும். அது இருவருக்கும் வசதி. ஆனால் அப்போது முனையிலிருந்து ஒரு பெருங்கன விமானம் எழும்பிவிட்டால், அதன் சுழல் கலைய மூன்று நிமிடம் காத்திருந்தாக வேண்டும். நடுத்தர எடை விமானமாயிருந்தால் விமானி கேட்டு அந்தக் காத்திருப்பைக் கைவிடலாம்; பெருங்கன விமானத்துக்குப் பின் அவர் கேட்டாலும் கோபுரம் அனுமதிக்காது. பின்னால் எத்தனை ஜெட் விமானங்கள் வரிசையில் நின்றாலும், செஸ்னா அந்த மூன்று நிமிடமும் முடிந்த பிறகுதான் எழும்பும்.